பிடி அரிசியும் முதலமைச்சர் பதவியும்: பழைய திருநெல்வேலிச் சீமைத் தலைவர்களின் செல்வமும் எளிமையும்

இராமநாதபுரம் மாவட்டம் 1910-இல்தான் உருவானது. அதுவரை சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. ஆகவே 1898-இல் இராஜபாளையத்தில் பிறந்த பூ. ச. குமாரசுவாமி ராஜாவும் 1903-இல் விருதுபட்டியில் பிறந்த காமராசரும் பிறப்பால் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். முன்னவர் செல்வர், பின்னவர் தேங்காய் வியாபாரியின் மகன். ஐந்தாண்டு இடைவெளியில் இருவரும் சென்னை மாநில ஆட்சியின் தலைமைக்கு வந்தார்கள். இவர்களைத் தந்தது தாமிரபரணியின் நஞ்சைக் கரை அன்று, அதற்கு வடக்கே மழையை நம்பிப் பருத்தி போட்ட மானாவாரிப் பூமி. வ. உ. சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் பாரதி பிறந்த எட்டயபுரமும் அந்தப் பக்கம்தான்.

இச்சீமையில் அதிகாரம் நெடுங்காலம் நிலத்தோடு ஒட்டியே இருந்தது. கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். சில ஆண்டுகளில் எஞ்சிய பாளையக்காரர்கள் கும்பினிக்குப் பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டும் ஜமீன்தார்கள் ஆனார்கள். வாளைக் கீழே வைத்தவர்களுக்கு நிலம் மிஞ்சியது. சென்னை மாகாண அரசியலிலும் இதே கதைதான். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாக்கு என்ற விதியில் 1920-இல் தேர்தல் நடந்தது. அதன்பின் முதன்மை அமைச்சர்களாக வந்தவர்களுள் பனகல் ராஜா, குமாரமங்கலம் ஜமீன்தார் சுப்பராயன், பொப்பிலி ராஜா ஆகியோர் உண்டு. நடுவே வந்த முனுசாமி நாயுடு ஜமீன்தார் அல்லர். 1932-இல் ஜமீன்தார்களின் எதிர்ப்பே அவரை இறக்கியது.

நிலமும் பதவியும் ஒட்டியிருந்தது இங்கு மட்டும் அன்று. அமெரிக்காவிலும் தொடக்ககாலக் குடியரசுத் தலைவர்களில் பலர் பெருநிலக்காரர்கள், அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்தவர்கள். ஜார்ஜ் வாஷிங்டனிடம் ஏராளமான நிலம் இருந்தது, கையில் ரொக்கம் இல்லை. 1789-இல் பதவியேற்கப் புறப்பட அவர் கடன் வாங்க வேண்டியிருந்தது. 1840-இல் வில்லியம் ஹென்றி ஹாரிசனை மரக்குடிசைக்காரர் என்று சொல்லி வாக்குக் கேட்டார்கள். அவர் பிறந்ததோ வர்ஜீனியாவின் பண்ணை மாளிகையில். ஆகவே தலைவர்களின் ஏழ்மைக் கதைகளை ஆவணங்களோடு உரசிப் பார்த்தே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. காமராசருக்கும் இது பொருந்தும்.

அதற்கு முன் வ. உ. சி.யைப் பார்ப்போம். அவர் வழக்கறிஞர் உலகநாத பிள்ளையின் மகன், தாமும் வழக்கறிஞர், வருமானத்துக்குக் குறைவில்லாதவர். 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். 1908-இல் கைதானார். சிறையில் செக்கிழுத்தார். 1912-இல் விடுதலையானபோது கப்பலும் இல்லை, வக்கீல் தொழில் நடத்தும் உரிமமான சன்னதும் இல்லை. சென்னையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுப் பிழைத்தார். சன்னதை மீட்டுத் தந்த நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். செல்வத்திலிருந்து வறுமைக்கு இறங்கிய இந்த வாழ்க்கைக்கு ஈடாக வாஷிங்டனின் வரிசையில் எவரையும் என்னால் சொல்ல முடியவில்லை.

குமாரசுவாமி ராஜாவின் பாதை வேறு. 1949-இல் பிரதமர் என்ற பெயரில் பொறுப்பேற்றார். 1950 ஜனவரி 26 முதல் அப்பதவியின் பெயர் முதலமைச்சர் என்றானது. பிற்பாடு தாம் வாழ்ந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். இராஜபாளையத்தில் அது காந்தி கலை மன்றமாக நிற்கிறது.

இனி காமராசர். சிறுவயதிலேயே தந்தை குமாரசாமி இறந்தார். தாய் சிவகாமி அம்மாள் நகைகளை விற்று, பணத்தை வட்டிக்குக் கொடுத்துவைத்து, அந்த வட்டியில் குடும்பத்தை நடத்தினார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமா கருப்பையாவின் துணிக்கடையில் பையன் வேலைக்கு நின்றான். இது வசதியான வாழ்க்கை இல்லை, பட்டினியும் இல்லை. விற்க நகை இருந்தது, வேலை கொடுக்க மாமன் இருந்தார். அந்நாளில் நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு அந்த இரண்டும் கிடையாது.

அவர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலைதான் நம் கவனத்துக்கு உரியது. அதை நடத்தியது சர்க்கார் அன்று, ஜமீனும் அன்று. விருதுபட்டி நாடார்களின் சமூகச் சபையான உறவின்முறைதான் நடத்தியது. அதற்காக அது மகமை வசூலித்தது. வியாபாரத்தில் நடக்கும் வரவுசெலவுக்கேற்ப ஒரு சிறு பங்கு பொதுநிதிக்குப் போய்விடும். வீடுகளில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். அந்த அரிசியும் பள்ளிக்கே சேர்ந்தது. கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் கல்விக்குத் தானே வரி போட்டுக்கொண்ட ஏற்பாடு இது. காமராசர் தனிச்சொத்து இல்லாதவர், ஆனால் பொதுச்சொத்தின் நிழலில் வளர்ந்தவர். "ஏழைத் தாயின் மகன்" என்ற சித்திரத்தில் இந்தப் பாதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. விடுவது நியாயமில்லை. அந்தப் பெண்களின் பிடி அரிசியும் வரலாறுதான்.

1937-இல் சாத்தூரிலிருந்து சட்டமன்றம் போனார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானார், ஒன்பதாண்டுகள் ஆண்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் வாடகை வீட்டிலேயே குடியிருந்து, 1975 அக்டோபர் 2 அன்று அங்கேயே இறந்தார். தமக்கென்று சொத்து எதையும் சேர்க்கவில்லை.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்துவிட்டிருந்தது. அதன்பின் 1956-இல், ஜமீன் அரண்மனை நிற்கும் அதே எட்டயபுரத்தில், பிடி அரிசிப் பள்ளியில் படித்த காமராசர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்.