170 வோல்ட் டியூப், 45 வோல்ட் டிரான்சிஸ்டர்

போன வருஷம் ஒரு நிக்ஸி டியூப் கடிகாரம் கட்ட ஆரம்பிச்சேன். கண்ணாடிக் குழாய்க்குள்ள ஆரஞ்சு நிறத்துல எண் ஒளிருமே, அதுதான். சோவியத் காலத்து ஐ.என்-14 டியூப் நாலு வாங்கினேன். அதை ஓட்ட, டிராயர்ல கிடந்த பி.சி.547 டிரான்சிஸ்டரையே போட்டேன். எரிஞ்சது. ஆனா 3 காட்டச் சொன்னா, கூடவே மத்த எண்களும் மங்கலா பனிமூட்டம் மாதிரி தெரிஞ்சது. பழைய டியூப்பை நம்ம தலையில கட்டிட்டாங்கன்னு நினைச்சேன். டியூப் மேல ஒரு குத்தமும் இல்லை. காரணம் தேடப் போய் 1955 வரைக்கும் போக வேண்டியதாயிற்று.

அந்த வருஷம்தான் அமெரிக்காவின் பர்ரோஸ் நிறுவனம் நிக்ஸியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே 0 முதல் 9 வரை எண் வடிவில் வளைத்த பத்து உலோகக் கம்பிகள், ஒன்றின் பின் ஒன்றாக. ஒவ்வொன்றும் தனி கேத்தோடு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வலை, அது ஆனோடு. சுற்றிலும் நியான் வாயு. இழை கிடையாது, சூடாகிச் சிவக்கும் சமாச்சாரமே இல்லை. எந்தக் கம்பியை கிரவுண்டோடு இணைக்கிறோமோ, அதைச் சுற்றி வாயு ஒளிரும். இரண்டு மில்லிஆம்பியர் சொச்சம் போதும். ஆனால் பற்றவைக்க ஏறத்தாழ 170 வோல்ட் வேண்டும்.

இங்கதான் சிக்கல். அன்றைய டிரான்சிஸ்டர்கள் பெரும்பாலும் ஜெர்மானியம். சில பத்து வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 1961-இல் பிரிட்டனின் பெல் பஞ்ச் நிறுவனம் வெளியிட்ட அனிட்டா மேசைக் கால்குலேட்டரைப் பாருங்க. காட்டும் டியூப் மட்டுமில்லை, உள்ளே கணக்குப் போட்டதும் வாயு நிரப்பிய டியூப்களே. ஒரே ஜாதி, ஒரே மாதிரி வோல்டேஜ், பஞ்சாயத்தே இல்லை!

அப்புறம் சிலிக்கான் வந்தது. 1959-இல் ஃபேர்சைல்டில் ஜீன் ஹோர்னி பிளேனார் முறையை உருவாக்கினார். அடுத்த பத்தாண்டில் நிக்ஸியை ஓட்டும் வேலை ஒரே சிப்புக்குள் அடங்கியது. அதில் பெயர் பெற்றது 74141. சோவியத் யூனியனில் அதன் இணை கே155ஐடி1. அதன் டேட்டாஷீட்டை முதல்ல படிச்சப்போ அச்சுப்பிழைன்னே நினைச்சேன். அவுட்புட் தாங்குவது சுமார் 60 வோல்ட்தானாம். டியூப்புக்கோ 170!

இதைக் கொஞ்சம் பொறுமையா பார்ப்போம். ஒரு எண் பற்றிக்கொண்டதும் டியூப் தன்னைத் தாண்டி விடும் வோல்டேஜ் ஏறத்தாழ 140-க்கு இறங்கிவிடும். மீதி 30 ஆனோடு ரெசிஸ்டரில் விழும். எரியாத மற்ற ஒன்பது கம்பிகளும் ஒளிரும் வாயுவுக்குள்தான் நிற்கின்றன. அவற்றை இஷ்டத்துக்கு விட்டால்கூட 140 வரை ஏறாது, நடுவில் எங்கோ நிற்கும். 60 வரை ஏற அனுமதித்தாலே அவற்றில் கரண்ட் ஏறக்குறைய பாயாது. சரி, எல்லா எண்ணையும் அணைத்தால்? சிப்புக்குள் இருக்கும் ஜீனர் 60-க்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளும். 170-இல் 60 போக டியூப்புக்கு மிச்சம் 110. அது பற்றவும் பத்தாது, எரிந்துகொண்டே இருக்கவும் பத்தாது. முழு வோல்டேஜையும் தாங்காமலே வேலையை முடித்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிச்சது.

இப்போ என் பனிமூட்டத்துக்கு வருவோம். பி.சி.547-இன் வரம்பு 45 வோல்ட். அணைந்த கம்பி அதற்கு மேல் ஏறப் பார்த்ததும் டிரான்சிஸ்டர் பிரேக்டவுன் ஆகி அங்கேயே பிடித்து வைத்தது. சுற்றியுள்ள வாயுவைவிட அந்தக் கம்பி தாழ்வான வோல்டேஜில் நிற்பதால் பாசிட்டிவ் அயனிகள் அதை நோக்கி ஓடும். கரண்ட் கசியும், மங்கலாக ஒளிரும். ரெசிஸ்டர் கரண்டைக் கட்டுப்படுத்தியதால்தான் டிரான்சிஸ்டர் பிழைத்தது.

எம்.பி.எஸ்.ஏ.42 வாங்கி மாத்தினேன். 300 வோல்ட் தாங்கும், விலை சில ரூபாய்தான். அணைந்த கம்பியை அது எங்கேயும் பிடித்து இழுக்காது, மிதக்க விட்டுவிடும். டியூப்களை மாறி மாறி எரியவிடும் முறையில் கட்டுறவங்க ஒண்ணு கவனிக்கணும். கேத்தோடு பக்கம் செல்லுபடியாகும் 60 வோல்ட் கணக்கு ஆனோடு பக்கம் செல்லாது. அங்கே முழு 170-ம் டிரான்சிஸ்டர் மேலதான். அதற்கு பி.என்.பி வகை எம்.பி.எஸ்.ஏ.92 போடுங்க.

1972-இல் வந்த எச்.பி-35 பாக்கெட் கால்குலேட்டரில் சிவப்பு எல்.இ.டி. ஒரு எல்.இ.டிக்கு இரண்டு வோல்ட்கூட வேண்டாம், எந்த டிரான்சிஸ்டரும் ஓட்டும். அதுக்கப்புறம் கால்குலேட்டர் பக்கம் நிக்ஸி மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டுச்சு.

என் கடிகாரத்தில் இப்போ 3 மட்டும் தெளிவா தெரியுது. ஆனா மல்டிமீட்டர் வைக்கும்போது ஒரு தடவை விரல் ஆனோடுல பட்டுச்சு. கட்டப் போறவங்க ஒரு கையைப் பாக்கெட்டுலயே வெச்சுக்கங்க.