தகர வள்ளம்

"அண்ணை, முதல் முதல் ஒரு வள்ளம் வாங்கப்போறன். அலுமினியம் எடுக்கிறதோ பைபர் எடுக்கிறதோ?"

என்னோடு வேலை செய்கிற தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. ஸ்காபரோவில் ஒரு வீட்டு வாசலில் ரெயிலரோடு நிற்கிற பழைய 14 அடி அலுமினிய போட் ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறார். நான் கரையில் பிறந்தவன், எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு அவருக்கு. உண்மையைச் சொன்னால், கனடாவுக்கு வரும் வரைக்கும் அலுமினியத்தில் வள்ளம் கட்டுவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. எங்கடை ஊரில் அலுமினியம் என்றால் சோறு வடிக்கிற பானை. பிறகு, தலைக்கு மேலாலே வந்த சியாமாசெட்டியும் சகடையும்.

சகடையை நான் சும்மா இழுக்கவில்லை. இந்த போட்டின் சரித்திரமே விமானத்தில்தான் தொடங்குகிறது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நியூயோர்க் லோங் ஐலண்டில் இருந்த கிரம்மன் கொம்பனி அமெரிக்கக் கடற்படைக்கு ஹெல்கற் சண்டை விமானம் செய்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பான பதவியில் இருந்த வில்லியம் ஹொஃப்மன் 1944இல் அடிரொண்டாக் மலைப்பக்கம் கனூ விடப் போனார். ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குக் கனூவைத் தோளில் சுமக்க வேணும். மரமும் கன்வஸும் சேர்ந்த கனூ, தண்ணீர் ஊறினால் கேட்கவே வேண்டாம். முதுகு நொந்த மனுசன் திரும்பி வந்து யோசித்தது இதுதான்: விமானத்தின் தோலுக்கு இழுத்து வளைக்கிற அதே தகட்டில் கனூ செய்தால் என்ன? 1945இல் முதல் கனூக்கள் வந்தன. 13 அடி நீளம், நிறை 38 இறாத்தல்.

கனடாவுக்கும் இதில் பங்கு உண்டு. கியூபெக்கில் ஆர்விடா என்ற ஊர் அலுமினியத்துக்காகவே கட்டப்பட்டது. யுத்த காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய அலுமினிய உலைகளில் ஒன்று அங்கேதான் எரிந்தது. இங்கே மோல்ரனில் விக்டரி எயார்கிராஃப்ற் என்ற தொழிற்சாலை 430 லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டியது. மோல்ரன் எங்கே என்கிறீர்களோ? இன்றைய பியர்சன் விமானநிலையம் இருக்கிற இடம்தான். அங்கே வந்திறங்கி "நான் அகதி" என்று சொன்ன எங்களில் எத்தனை பேருக்கு, பொம்மர் பிறந்த மண்ணில் நிற்கிறோம் என்று தெரியும்? (டவுன்ஸ்வியூவில் கட்டின மொஸ்கிற்றோ விமானம் மரத்தால் ஆனது. அங்கே மரம் பறந்தது, பிறகு தகடு மிதந்தது!)

யுத்தம் முடிந்ததும் இவ்வளவு தகட்டுக்கும் வேறு வேலை தேட வேண்டியிருந்தது. பானை செய்தார்கள், வீட்டுச் சுவருக்கு அடித்தார்கள், போட் கட்டினார்கள். மினசோட்டாவில் ஹவார்ட் லண்ட் என்பவர் 1948இல் தன் முதல் அலுமினிய வள்ளத்தைக் கட்டினார். இன்றைக்கும் லண்ட் என்ற பெயர் ஒன்ராறியோக் குளமெல்லாம் ஓடுகிறது. இந்த மாற்றத்தில் அடிபட்டது மரம். நாங்கள் மீன் பிடிக்கப் போகிற றைஸ் லேக்குக்குப் பக்கத்தில், பீற்றர்பரோவில், சீடர் பலகையில் உலகப் புகழோடு கனூ கட்டிய கொம்பனி 1961இல் மூடப்பட்டது.

எங்கள் கரையிலும் மரம்தான் தோற்றது. 1930இல் வல்வெட்டித்துறையில் வேம்பும் இலுப்பையும் கொண்டு கட்டின அன்னபூரணி, 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து மசாசூசெற்ஸ் குளொஸ்ரருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் எங்களிடம் மரத்தின் இடத்துக்கு வந்தது அலுமினியம் அல்ல, பைபர். நோர்வேக்காரரின் உதவியோடு வந்த சீநோர், காரைநகரில் வள்ளம் கட்டியது. முதல் பைபர் வள்ளத்தை ஐயா விரலால் தட்டிப் பார்த்து "இதுக்கு உயிரில்லை" என்றாராம். பிறகு அவரும் அதைத்தான் வாங்கினார். கல்லில் அடிபட்டால் கரையிலேயே நாரையும் பிசினையும் வைத்து ஒட்டிவிட்டு அடுத்த நாள் தொழிலுக்குப் போகலாம். அலுமினியம் கிழிந்தால் ஊரில் யார் ஒட்டுவது? உப்புத் தண்ணீரில் வேறு உலோகத்தோடு சேர்ந்து கிடந்தால் அரிக்கவும் செய்யும்.

பிறகு யுத்தம். இரவில் இறங்காதே, இவ்வளவு தூரத்துக்கு மேலே போகாதே, இத்தனை குதிரைவலுவுக்கு மேலே மோட்டோர் பூட்டாதே. 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எங்கடை வள்ளம் வாடிக்குப் பக்கத்தில் கவிழ்த்தபடி கிடந்தது. அதற்குப் பிறகு நான் அதைக் காணவில்லை.

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். இங்கே அலுமினியம்தான் என்றேன். குளம் உறைகிற நாட்டில் வள்ளம் ஒவ்வொரு வருசமும் வெளியே வர வேணும், காரின் பின்னால் இழுபட வேணும். பாரம் குறைவு பெரிய விசயம். கவார்த்தாப் பக்கம் தண்ணீருக்குக் கீழே பாறை. பைபர் வெடிக்கிற இடத்தில் அலுமினியம் அநேகமாக நெளிந்து தப்பும். நல்ல தண்ணீர் என்பதால் அரிப்பும் குறைவு. ஆனால் தட்டையான அடியை எடுக்காதே, சிம்கோ 700 சதுர கிலோமீற்றருக்கு மேல். காற்றெழும்பினால் அது குளமில்லை, கடல். கூராக வெட்டின அடிதான் வேணும். எத்தனை ஆட்கள், எவ்வளவு நிறை, எவ்வளவு மோட்டோர் என்று உள்ளே ஒரு தகடு ஒட்டியிருக்கும், அதை வாசி. மச்சான்மார் எல்லாரையும் ஏற்றாதே. மோட்டோர் ஓட்ட அட்டை எடு.

சனிக்கிழமை இரண்டு பேருமாய்ப் போய்ப் பார்த்தோம். விற்கிறவர் நல்ல வெள்ளைக்காரக் கிழவர். அவரிடம் கேட்டு, போட்டை ரெயிலரில் வைத்தபடியே குழாயால் உள்ளே தண்ணீர் நிரப்பினோம். ஒழுகுகிற றிவெற் இருந்தால் வெளியே காட்டிக்கொடுக்கும். அரை மணித்தியாலம் குந்தியிருந்தோம். இரண்டு இடத்தில் மட்டும் சொட்டு. அது அடித்து இறுக்குகிற வேலை. பிறகு பின்பக்கம், மோட்டோர் பூட்டுகிற பலகையில் ஸ்குறூட்றைவரைக் குத்தினேன். கேக்கில் இறங்கின மாதிரி இறங்கிற்று. தம்பியின் முகம் விழுந்துபோச்சு.

"வேண்டாமோ அண்ணை?"

தகட்டைக் கையால் தட்டிப் பார்த்தேன். பானைச் சத்தம். ஆனால் எங்கும் வெடிப்பில்லை. பலகையைக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னோம், கிழவரும் மறுக்கவில்லை. பச்சை மருந்து ஊறின பலகையை மட்டும் போட்டுவிடாதே, அதில் இருக்கிற செம்பு அலுமினியத்தைத் தின்னும் என்று தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன். நல்ல பிளைவுட் எடுத்து எபொக்சி பூச வேணும். ஐயா என்றால் சுறா எண்ணெய் பூசியிருப்பார். அதை ஸ்காபரோவில் எங்கே வாங்கிறது, வாங்கினாலும் பக்கத்து வீட்டுக்காரன் விடுவானோ?