நாதியற்ற நாயும் ஊர்ப்பொறுப்பும்: இராமேசுவரக் கரையை முன்னிட்டு ஒரு வரலாற்று விசாரணை

தமிழகத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் ஒழிந்து, அவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே மீண்டும் விடும் வழக்கம் நிலைபெற்ற வரலாற்றை எழுதப் புகுவோர், சென்னை ப்ளூ கிராஸ் ஸ்தாபனத்தின் டாக்டர் எஸ். சின்னி கிருஷ்ணா வகுத்துத் தந்த கதையையே பெரும்பாலும் பின்பற்றி வருகின்றனர். 1860-இல் சென்னை நகரசபை நாய்களைக் கொல்லத் தொடங்கியபோது நாளொன்றுக்கு ஒரு நாய்கூட விழவில்லை. 1995-இல் அவ்வெண்ணிக்கை நாளொன்றுக்கு 135 ஆயிற்று. ஆகவே கொலைமுறை தோற்றது. 1964 முதல் ப்ளூ கிராஸ் வற்புறுத்தி வந்த கருத்தடை முறையை மாநகராட்சி இறுதியில் ஏற்றது. வெறிநோய் மரணங்களும் வீழ்ந்தன என்பது அக்கதையின் சாரம். இவ்விஷயத்தில் அவரும் அவருடைய பெற்றோரும் செய்த தொண்டை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. அவர் அடைந்த முடிவும் சரியானதே என்பது என் அபிப்பிராயம். ஆயினும், அம்முடிவுக்கு அவர் காட்டும் பிரமாணங்கள் அதனைத் தாங்கும் வலிமையுடையனவா என்பது வேறு கேள்வி. சென்னைக்காக எழுதப்பட்ட அக்கதையைக் கடல் சூழ்ந்த இராமேசுவரத் தீவுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கும்போது அக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது.

முதலில் 135 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். கொல்லப்பட்ட நாய்களின் தொகை கொல்லுவோரின் முயற்சியை அளக்குமேயன்றி, தெருவில் உயிரோடு திரியும் நாய்களின் தொகையை அளக்காது. 1871-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஏறத்தாழ 4 லட்சம் மக்களைக் கொண்டிருந்த நகரம் 1991-இல் 38 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எல்லையும் விரிந்தது, நாய்பிடி வண்டிகளும் ஆட்களும் பெருகினர். மக்கள் பத்து மடங்கு பெருகியதனால் கொலை நூற்று முப்பது மடங்கு பெருகியதை விளக்கிவிட முடியாது என்று சின்னி கிருஷ்ணாவின் தரப்பில் மறுமொழி கூறலாம். அம்மறுமொழியில் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றுக்கும் குறைவான ஓர் எண்ணை அடித்தளமாகக் கொண்டு மடங்கு கணக்கிடுவது, தொடக்க காலத்து நகரசபையின் அசிரத்தையை நாய்களின் பெருக்கமாக எண்ணி மயங்குவதாகும் என்பதே என் வாதம். கொலை பயன் தரவில்லை என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேறிடத்தில் இருக்கிறது. நாய்களை அகற்றுவதால் அவற்றின் அடர்த்தியோ வெறிநோயின் பரவலோ குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 1992-இலேயே கூறிவிட்டது. ஜெய்ப்பூரில் 1994 நவம்பரில் தொடங்கிய கருத்தடை, தடுப்பூசிப் பணியை ஆராய்ந்து 2006-இல் வெளியான கட்டுரை, சில ஆண்டுகளில் நாய்களின் தொகை 28 சதவீதம் குறைந்ததையும், பணி நடந்த பகுதியில் மனித வெறிநோய் மரணங்கள் நின்றுபோனதையும் எண்ணிக் காட்டியது. உயிரோடிருக்கும் நாய்களை எண்ணிய இந்தக் கணக்கே வரலாற்று ஆசிரியனுக்குப் பயன்படும்.

1860 என்ற தொடக்க ஆண்டும் வேண்டியதற்கு மேல் கூர்மையானது. பம்பாயில் ஆண்டின் சில மாதங்களில் தெருநாய்களைக் கொல்ல அனுமதிக்கும் விதி 1813-லேயே இருந்தது; 1832-இல் அக்காலவரம்பு நீட்டிக்கப்பட்டதும் ஜூன் மாதத்தில் பார்சிகள் கிளர்ந்தெழுந்து கடைகளை அடைத்ததும் நன்கறியப்பட்ட செய்தி. ஒரே கம்பெனியின் ஆட்சியிலிருந்த சென்னையில் அவ்வழக்கம் 1860-க்கு முன்னரே ஏதேனும் ஓர் உருவில் இருந்திருக்கக்கூடும் என்பது என் அனுமானம். அனுமானத்துக்கு மேல் அதை உயர்த்த நான் துணியவில்லை. ஆண்டைத் தீர்மானிக்காமல் விடுவதே முறை.

மூன்றாவது, வெறிநோய் மரணங்களின் வீழ்ச்சி. இதனை முற்றிலும் கருத்தடையின் கணக்கில் எழுதுவதற்குப் பெருந்தடை ஒன்று உண்டு. குன்னூரில் 1907-இல் வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தரும் பாஸ்டர் ஸ்தாபனம் தோன்றிய காலத்தில், கடிபட்ட இராமேசுவரத் தீவுவாசி ஒருவன் அங்கே போய்ச் சேர வேண்டுமானால், பாம்பன் ரயில் பாலம் 1914-இல்தான் திறக்கப்பட்டமையால், படகேறி மண்டபம் வந்து, அங்கிருந்து ரயிலேறி மதுரை வழியாக மேட்டுப்பாளையம் அடைந்து மலை ஏற வேண்டியிருந்திருக்கும். அத்தனை தொலைவு போகக்கூடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பர்? பின்னர் ஊசி மருந்து ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கே வந்தது. தொப்புளைச் சுற்றிப் போடும் அந்த நீண்ட ஊசிவரிசைக்கு அஞ்சிப் பாதியில் நின்றவர்களும் பலர். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அம்மருந்தின் உற்பத்தி 2004-இன் இறுதியில் இந்தியாவில் நிறுத்தப்பட்டு, தோள்பட்டையில் போடும் புதிய மருந்து அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கிடைக்கலாயிற்று. கருத்தடை பரவியதும் மருந்து மாறியதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நிகழ்ந்திருக்க, மரணக் குறைவை இரண்டில் ஒன்றுக்கு மட்டும் பட்டயம் எழுதிக் கொடுப்பது எங்ஙனம்?

அப்படியாயின் மாறியதுதான் என்ன? கொடுமை போய்க் கருணை வந்தது என்ற விளக்கத்தைச் சட்டமே ஏற்க மறுக்கிறது. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலின் பெருமுயற்சியின் பயனாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டம் ஜீவகாருண்யத்தின் உச்சம் எனப் போற்றப்படுவது. அதே சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தெருநாய்களை மரணக் கூடங்களில் அழிப்பது வதையாகாது என்று விலக்களித்தது. உடையவனுள்ள பிராணிக்கு ஒரு நீதியும் உடையவனற்ற நாய்க்கு வேறொரு நீதியும் அங்கே அருகருகே நின்றன. 2001 டிசம்பரில் வெளியான நாய்க் கருத்தடை விதிகள்தாம் முதன்முதலாக நாதியற்ற நாயை உள்ளாட்சியின் பொறுப்பில் ஒப்படைத்தன. மாறியது பொறுப்பின் இருப்பிடம் என்பதே இக்கட்டுரையின் கொள்கை.

இக்கொள்கைக்கு எதிராகத் தமிழரின் தொன்மையான நாயன்பை எடுத்துக்காட்டுவோர் எடுத்தனூர் நடுகல்லைக் கொண்டுவந்து நிறுத்துவர். செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த அக்கல் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவன் அரியணையேறிய ஆண்டு ஐயத்துக்கிடமானதாகையால், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி என்பதற்கு மேல் துல்லியம் கூற இயலாது. எருமை மந்தையைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்பானுக்கு எடுத்த கல் அது. அதிலேயே கோவிவன் என்னும் நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டிருக்கிறது. வீரனோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. இதைப் படிப்போர் நெகிழ்ந்து போவது இயல்பே. ஆனால் கல்லை இன்னொரு முறை நோக்குக: அந்நாய்க்குப் பெயர் உண்டு, அதற்கு ஒரு தலைவன் உண்டு, அது காத்து நின்றது தலைவனுக்காக. கங்க நாட்டு ஆதகூர்க் கல்வெட்டும் இதே கதையையே சொல்லுகிறது: தக்கோலப் போரை அடுத்துக் கங்க மன்னன் பூதுகன் தன் வீரன் மணலேரனுக்குப் பரிசாக அளித்த காளி என்னும் வேட்டைநாய், பன்றியோடு பொருது மடிந்ததற்காகக் கல்லும் நிலமும் பெற்றது. இரண்டிலும் பெருமை உடைமையின் வழியே வந்த பெருமை. சந்தையிலும் சத்திரத்து வாசலிலும் திரிந்த பெயரற்ற நாய்க்கு அக்கால ஊர்ச்சபை எதுவும் கடமைப்பட்டிருந்ததாக இக்கற்கள் காட்டவில்லை. கல்வெட்டின் மௌனத்திலிருந்து வாதிடுவது ஆபத்து என்பதை அறிவேன். எனினும் கோவிவனைத் தெருநாயின் முன்னோனாக நிறுத்துவது அதைவிடப் பெரிய ஆபத்து. பழைய இராமநாதபுரம் ஜில்லாவிலேயே இருந்த இராஜபாளையத்து நாய்க்கு விலை பேசும் வீட்டார், தம் வாசலில் ஈன்ற குட்டிகளில் ஒன்றை வளர்க்க மறுப்பதில் அப்பழைய வேற்றுமை இன்னும் உயிரோடிருக்கிறது.

இராமேசுவரத்துக்கு உண்மையான ஒப்புமை சென்னையன்று. தனுஷ்கோடியிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையே. அங்கே வெறிநோய்ச் சட்டம் 1893-இலும் நாய்ப் பதிவுச் சட்டம் 1901-இலும் வந்தன. 1973-இல் 377 பேர் வெறிநோயால் மாண்டனர். அதன்பின் நாய்களுக்குப் பெருமளவில் தடுப்பூசி போடத் தொடங்கி, அண்மை ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியது. நாய்க்கொலையை அந்நாடு கைவிட்டது 2006-இல்தான். வீழ்ச்சியோ அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கருத்தடை தொகையைக் கட்டுப்படுத்தும், தடுப்பூசியே நோயைக் கட்டுப்படுத்தும் என்ற பாகுபாட்டைச் சின்னி கிருஷ்ணாவின் கதை மங்கச் செய்துவிட்டது. இலங்கையின் கணக்கு அதைத் தெளிவாக்குகிறது.

பணியின் நடைமுறையோ எங்கும் ஒன்றே. வலையிலோ கையாலோ பிடித்த நாயை ஓரிரவு பட்டினி வைத்து, மறுநாள் மயக்க மருந்து கொடுத்து, பெட்டையாயின் வயிற்றைத் திறந்து கருப்பையையும் சூலகங்களையும் நீக்கித் தைத்து, மயக்கம் தெளியுமுன் காதின் நுனியில் சிறு வெட்டு வைத்து, தடுப்பூசி போட்டு, தையல் ஆறும்வரை நாலைந்து நாள் கூண்டில் காத்து, பிடித்த தெருவிலேயே விடுகிறார்கள். அச்சந்தர்ப்பத்திலேயே சொறிக்கும் புண்ணுக்கும் சிகிச்சை நடக்கிறது. புணர்ச்சியால் தொற்றும் கட்டியை வாரம் ஒரு ஊசியாகச் சில வாரங்களில் கரைத்துவிடலாம். குட்டிகளுக்கும் சாதுவான நாய்களுக்கும் வீடு தேடித் தருவது இதன் கடைசி அங்கம். காதில் அந்த வெட்டுள்ள நாய் இனி நாதியற்றதன்று. ஊரின் கணக்கில் ஏறிய நாய்.

இராமேசுவரத்தில் இக்கணக்கை யார் வைப்பது? இறங்குதளத்துக் கழிவு மீனும், கருவாட்டுக் களமும், யாத்திரிகர் விட்டுப்போகும் சோறும் நாய்களைத் தாங்குகின்றன. தீவோ இயற்கையே எல்லை வகுத்த நிலம். வெளியிலிருந்து நாய் வந்து சேர வழி பாலம் ஒன்றே. பெரு நகரங்களில் கிட்டாத அனுகூலம் இது: நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய்ச் சங்கிலி அறுபடும். ஆனால் தீவின் ஒரு பகுதி நகராட்சி. தங்கச்சிமடமும் பாம்பனும் ஊராட்சிகள். நாய் அவ்வெல்லையை மதிப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அந்நாட்களில் இறங்குதளத்தில் இரை அருகும். பசித்த நாயைச் சோறு காட்டிப் பிடிப்பதும் எண்ணுவதும் எளிதாகும் என்று கருதுகிறேன். இது செய்து பார்த்தே தெளிய வேண்டியது.

2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் கருத்தடை செய்த நாயைப் பழைய இடத்திலேயே விட வேண்டும் என்றது. நவம்பரில் பள்ளி, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் முதலியவற்றிலிருந்து அகற்றும் நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது என்றும், காப்பகங்களில் வைக்க வேண்டும் என்றும் பணித்தது. இவ்விரண்டையும் நிறைவேற்றக் காப்பகமும் கால்நடை மருத்துவரும் பணமும் வேண்டும். தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகளும் 43 வெறிநோய் மரணங்களும் பதிவாகியிருக்கையில் இது தள்ளிப்போடத் தக்க காரியமன்று. இராமேசுவரம் நகராட்சியும் தீவின் ஊராட்சிகளும் தனித்தனியே திட்டம் தீட்டுவதை விட்டு, தீவு முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு, ஒரே மருத்துவமனையும் ஒரே பதிவேடும் வைத்து, முதலில் தடுப்பூசியையும் அதனோடு கருத்தடையையும் நடத்த வேண்டும் என்று ஜில்லா நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.