ஏழு பேர்ச்சஸ் முற்றத்தில் முரட்டுச் சேவல்: கோழி வளர்க்கும் குடும்பங்கள் அறிய வேண்டியவை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தின் லயன்களை மண்சரிவு மூடியது. உயிர் தப்பிய குடும்பங்கள் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் தற்காலிகத் தங்குமிடத்தில் காலம் கழித்த பின்னரே பூணாகலைப் பகுதியில் கட்டப்பட்ட தனி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. வீடு கிடைத்தாலும் கோழி, ஆடு, மாடு என்ற சிறு சொத்தை மறுபடி ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். முகாமிலிருந்து மீள்குடியேறி, நான்கு கோழிக்குஞ்சுகளோடு வாழ்க்கையைத் தொடங்கிய வன்னி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மலையகத்தில் கட்டப்பட்ட பல வீட்டுத்திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கப்பட்டது. அதாவது சுமார் 1,900 சதுர அடி. வீடும் மரக்கறிப் பாத்தியும் போக மிஞ்சும் முற்றத்தில்தான் கோழிகள் மேய வேண்டும். அடைவைத்துப் பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவலாகவே இருக்கும். ஐந்து மாதத்தில் நான்கைந்து இளஞ்சேவல்கள் ஒரே முற்றத்தில் மோதத் தொடங்கும். தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பின், பிள்ளைகளும் முதியவர்களும்தான் அவற்றோடு வீட்டில் இருக்கிறார்கள்.

ஏன் முரடாகின்றன?

நான்கு முதல் ஆறு மாத வயதில் சேவலின் உடலில் ஆண் ஹோர்மோன் பெருகுகிறது. கொண்டை சிவக்கும், கூவத் தொடங்கும், பேடுகளைத் துரத்தும். கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை உண்டு. நோர்வே ஆய்வாளர் ஷெல்டரப்-எபே 1920களின் தொடக்கத்தில் இதை விளக்கி எழுதினார். இளஞ்சேவல் அந்த வரிசையில் தன் இடத்தைத் தேடுகிறது. மனிதரையும் போட்டியாளராக எண்ணினால் பாயும். குஞ்சிலிருந்தே கையில் வளர்ந்து மனிதப் பயம் அற்றுப்போனவையும், பிள்ளைகள் சீண்டி விளையாடியவையும் பெரும்பாலும் இப்படி மாறுகின்றன. பரம்பரைக் குணமும் ஒரு காரணம்.

பாய்வதற்கு முன் அது அடையாளம் காட்டும். ஒரு செட்டையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் சுற்றி வரும். கழுத்து இறகைச் சிலிர்க்கும். உங்களைப் பார்த்தபடி நிலத்தைக் கொத்தும்.

என்ன செய்யலாம்?

ஓட வேண்டாம். ஓடினால் தான் வென்றதாக அது பழகிக்கொள்ளும். தடியால் அடிப்பதும் காலால் உதைப்பதும் சண்டைக்கு அழைப்பதாகவே முடியும். நேராக நின்று, ஒரு கூடையையோ பலகைத் துண்டையோ காலுக்கு முன்னால் பிடித்து, அது விலகும்வரை மெதுவாக முன்னேறுங்கள். இரவில் அடைந்திருக்கும்போது அமைதியாகத் தூக்கி, செட்டைகளை உடம்போடு அணைத்துச் சிறிது நேரம் வைத்திருந்து பழக்கலாம். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

எட்டு முதல் பத்துப் பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். குஞ்சு தேவையில்லை என்றால் சேவலே வேண்டாம். சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும். மேலதிகச் சேவல்களை மூன்று, நான்கு மாதத்திலேயே பேடுகள் கண்ணில் படாத தனிக்கூட்டுக்கு மாற்றினால் சண்டை பெரிதும் குறையும். தீனையும் தண்ணீரையும் இரண்டு, மூன்று இடங்களில் வையுங்கள். ஊவாவில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழையில் கோழிகள் நாள் முழுக்கக் கூட்டுக்குள் அடைபடும். அப்போது ஒரு கோழிக்கு நான்கு சதுர அடியாவது இருக்க வேண்டும். துரத்தப்படும் கோழி ஏறி ஒதுங்க உயரத்தில் ஒரு கம்பு கட்டுங்கள்.

முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் திருவிழாவரை வீட்டில் நிற்கும். அது முரடாக இருந்தால் நிழலும் தண்ணீரும் உள்ள தனிக்கூட்டில் வையுங்கள். காலின் முள் கூராக வளர்ந்திருந்தால் நுனியை மட்டும் அராவலாம். உள்ளே இரத்தக்குழாய் இருப்பதால் ஆழமாக வெட்டக்கூடாது.

காயம் பட்டால்

இரத்தம் கண்ட கோழியை மற்றவை விடாமல் கொத்தும். உடனே பிரித்து, உப்புநீரால் கழுவி, ஆறும்வரை தனியே வையுங்கள். பெரிய காயம் என்றால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுங்கள். மனிதருக்கு முள் குத்தினால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவி, ஏற்புத் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். கண்ணில் அல்லது கண்ணருகில் பட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

எப்போது கைவிடுவது?

இரண்டு, மூன்று வாரம் முயன்றும் மாறாத சேவலை வைத்திருப்பதில் பயனில்லை. இறைச்சிக்குப் பயன்படுத்துங்கள் அல்லது விற்றுவிடுங்கள். சண்டைக்கு விடுபவருக்குக் கொடுக்க வேண்டாம். முட்டை பொரிக்க 21 நாட்கள். ஏப்ரலில் அடைவைத்தால் தீபாவளியை ஒட்டிச் சேவல்கள் ஐந்து மாதத்தைத் தாண்டி விற்பனைக்குத் தயாராகிவிடும். முரடாகும் வயதும் அதுவே என்பதால், அதிக காலம் வைத்துத் தீன் போட வேண்டியதில்லை.

முரட்டுச் சேவல் நிற்கும் கூட்டத்தின் முட்டையை அடைவைக்காதீர்கள். அடுத்த தலைமுறைக்குச் சாதுவான சேவலைத் தெரிவு செய்யுங்கள். பேடுகளைக் காவல் காத்து, தீனைக் கண்டால் அவற்றை அழைத்து, பிள்ளைகள் வந்தால் விலகிப் போகும் சேவல்தான் சிறிய முற்றத்துக்கு ஏற்றது.