இடர்மிகு வானிலையில் தீவன மக்காச்சோளம்

தானியத்துக்காக இல்லாமல், தண்டு, இலை, கதிர் எல்லாவற்றையும் சேர்த்து அறுத்துக் கால்நடைக்குக் கொடுப்பதற்காகப் பயிரிடப்படும் மக்காச்சோளமே தீவன மக்காச்சோளம். அறுத்தவுடன் பசுந்தீவனமாகவோ, காற்றுப் புகாமல் புளிக்கவைத்து ஊறுகாய்த் தீவனமாகவோ (சைலேஜ்) இதைப் பயன்படுத்துகிறார்கள். தானிய மக்காச்சோளத்துக்கு ஒரே இலக்குதான்: கதிர் முற்ற வேண்டும். அதற்கு முன் மழை பொய்த்தால் போட்ட முதல் போய்விடும். தீவனப் பயிருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கதிர் பிடிக்காத பயிரும் தீவனம்தான். எப்போது அறுப்பது என்ற முடிவு பெரும்பாலும் விவசாயியின் கையில் இருக்கிறது. கெட்ட பருவத்தில் இந்தப் பயிருக்குள்ள மதிப்பு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 2012 வறட்சி இதற்குப் பெரிய அளவிலான சான்று. அங்கே 2011இல் சுமார் 59 லட்சம் ஏக்கரில் மக்காச்சோளம் சைலேஜுக்காக அறுக்கப்பட்டது. மறு ஆண்டு அந்தப் பரப்பு சுமார் 74 லட்சம் ஏக்கராக உயர்ந்தது. தீவனத்துக்கென்று கூடுதலாக விதைத்ததால் வந்த உயர்வன்று இது. மணி பிடிக்காமல் நின்ற தானிய வயல்களைத் தட்டையோடு வெட்டி மாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். ஐரோப்பாவில் 2018 கோடை வறண்டபோது ஜெர்மனி விவசாயிகளும் இதையே செய்தார்கள்.

பயிரின் இயல்பு

மக்காச்சோளம் தெற்கு மெக்சிகோவில் தியோசிந்தே என்னும் காட்டுப்புல்லிலிருந்து ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் உருவான பயிர். சோளம், கம்பு, கரும்பு போலவே இதுவும் சி4 வகை ஒளிச்சேர்க்கை கொண்டது. வெயிலையும் நீரையும் சிக்கனமாகப் பயன்படுத்தும். ஒரு கிலோ உலர்பொருள் உருவாக இதற்குச் சுமார் 300 முதல் 400 லிட்டர் நீர் போதும். கோதுமை, பயறு வகைகளுக்கு இதைவிட மிகுதியாக வேண்டும். ஆனால் சிக்கனமாகச் செலவழிப்பது வேறு, பட்டினி தாங்குவது வேறு. வறட்சியைத் தாங்குவதில் சோளமும் கம்பும் மக்காச்சோளத்தை எளிதில் விஞ்சிவிடும். சோளம் வாடி நின்று, மழை வந்ததும் மீண்டும் துளிர்க்கும். மக்காச்சோளத்துக்கு அந்தப் பொறுமை குறைவு. அறுத்தால் மறுதாம்பும் வராது. ஆகவே பாசனமே இல்லாத, மழை குறைந்த கரிசல் மானாவாரியில் மக்காச்சோளத்தை மட்டும் நம்பி மாடு வளர்ப்பது அறிவுடைமை ஆகாது.

இருந்தும் சோளத்துக்கு இல்லாத ஒரு நன்மை இதற்கு உண்டு. இளஞ்சோளப் பயிரிலும் வாட்டம் கண்ட சோளத்திலும் ஹைட்ரோசயனிக் நச்சு சேரும். மேய்ந்த மாடு நிமிடங்களில் சாகக்கூடும். மக்காச்சோளத்தில் இந்த ஆபத்து இல்லை. பயிர் எந்த வயதில் இருந்தாலும் அறுத்துப் போடலாம். வானிலை எப்போது கைவிடும் என்று தெரியாத ஆண்டில் இது சிறிய விஷயமன்று.

தமிழ்நாட்டில் தீவனத்துக்குப் பரிந்துரைக்கப்படும் இரகம் ஆப்பிரிக்கன் டால். ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்து அகன்ற இலை விடும் நெட்டை இரகம் அது. எக்டேருக்கு 40 கிலோ, அதாவது ஏக்கருக்கு 16 கிலோ விதை. 30க்கு 15 செ.மீ. இடைவெளி, தழை, மணி, சாம்பல் சத்துகள் எக்டேருக்கு 60:40:20 கிலோ. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்தால் எக்டேருக்கு 40 முதல் 50 டன் பசுந்தீவனம் கிடைக்கும். இவையெல்லாம் இறவைக்கான கணக்கு. மானாவாரியில் இதே நெருக்கத்தில் விதைத்தால் செடிகள் ஒன்றின் நீரை ஒன்று பறித்துக்கொண்டு எல்லாமே மெலியும்.

வறட்சியும் வெப்பமும்

ஒரே அளவு வாட்டம் எல்லாப் பருவத்திலும் ஒரே சேதத்தைச் செய்வதில்லை. முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் பயிர் நடுப்பகலில் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும், மாலையில் விரித்துவிடும். பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. விடியற்காலையிலும் இலை சுருண்டே இருந்தால்தான் வேருக்கு எட்டும் நீர் தீர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து, தண்டு நீளும் பருவத்தில் நீர் குறைந்தால் கணுக்கள் குறுகும், இலை சிறுக்கும். தீவனத்தின் எடை நேரடியாகக் குறையும்.

பூக்கும் பருவம்தான் மிக நுட்பமானது. ஆண் பூங்கொத்து மகரந்தம் உதிர்க்கும் நாளும், கதிரின் நுனியில் பட்டிழை வெளிவரும் நாளும் ஒத்துப்போக வேண்டும். நீர் குறையும்போது மகரந்தம் ஏறத்தாழ குறித்த நாளில் உதிரும், பட்டிழையோ பின்தங்கும். இழை வெளியே வரும்போது மகரந்தம் முடிந்திருக்கும். வெப்பம் 35 டிகிரி செல்சியசை வெகுவாகத் தாண்டினால் உதிர்ந்த மகரந்தமும் உயிரிழக்கும், இழையும் காயும். இந்த நாட்களில் வரும் ஒவ்வொரு நாள் கடும் வாட்டமும் தானிய மகசூலில் 3 முதல் 8 விழுக்காட்டைத் தின்றுவிடும். மெக்சிகோவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையம் மகரந்தத்துக்கும் பட்டிழைக்கும் இடையே விழும் இந்த நாள் இடைவெளியையே அளவுகோலாக வைத்தது. 1975இல் தொடங்கிய டுக்ஸ்பெனோ செக்கியா என்னும் தேர்வு வரிசையில், வறட்சியிலும் பட்டிழை பிந்தாத செடிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

தீவனம் வளர்ப்பவர் இந்த இடத்தில் தானிய விவசாயியைவிட நிம்மதியாக இருக்கலாம். நன்கு விளைந்த சைலேஜ் பயிரின் உலர்பொருளில் ஏறத்தாழ பாதி கதிரிலிருந்து வருவது உண்மைதான். ஆனால் மணி பிடிக்காத செடியில் மாவாக மாறியிருக்க வேண்டிய சர்க்கரை தண்டிலேயே தங்கிவிடும். நார் எளிதில் செரிக்கும். புரதம் சற்றுக் கூடியும் இருக்கும். எடை பாதியாகக் குறைந்தாலும், கிடைக்கும் ஒவ்வொரு கிலோவின் ஊட்டம் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் பூத்து ஓரிரு வாரத்துக்குப் பின் மட்டையை உரித்துப் பார்த்து மணி இருக்கிறதா என்று முடிவு செய்யலாம். மணி இருந்து, கீழ் இலைகள் பச்சையாக இருந்தால் காத்திருப்பது நல்லது. மணியும் இல்லை, இலையும் அடியிலிருந்து மேலே காய்ந்துகொண்டே வருகிறது என்றால் ஒவ்வொரு நாளும் நட்டம்தான், அறுத்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் மானாவாரி மக்காச்சோளம் பெரும்பாலும் புரட்டாசியை ஒட்டி விதைக்கப்படுகிறது. பெரம்பலூர் போன்ற மாவட்டங்களில் அது பூக்கும் நேரம் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கும் நேரம். 2016இல் அந்த மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஆண்டில் நெல்லோடு வைக்கோலும் போகிறது, சோளத்தோடு தட்டையும் போகிறது. கிணற்றில் எஞ்சிய தண்ணீரைக் கால் ஏக்கர் தீவனத்துக்கு ஒதுக்கியவர் வீட்டில் மாடு விற்பனைக்குப் போகாமல் நிற்கும்.

நீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முழு நிலத்திலும் ஒரே நாளில் விதைப்பது தவறு. பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் பகுதி பகுதியாக விதைத்தால், ஒரு வெப்ப அலை எல்லாப் பாத்திகளையும் பூக்கும் பருவத்தில் பிடிக்காது. தினமும் அறுக்கப் பசுந்தீவனமும் தொடர்ந்து கிடைக்கும். சொட்டுநீர், சருகு மூடாக்கு, தொழுவுரம் ஆகிய மூன்றும் ஈரத்தைக் காக்கும். ஒரே ஒரு உயிர்த் தண்ணீர்தான் கொடுக்க முடியும் என்றால் அது ஆண் பூங்கொத்து தலைகாட்டும் நேரத்துக்கு உரியது. தட்டைப்பயற்றை ஊடே விதைப்பது மண்ணை மூடும். மக்காச்சோளத்தில் குறைவாக உள்ள புரதத்தையும் ஈடுகட்டும்.

நைட்ரேட் நச்சு

ஹைட்ரோசயனிக் நச்சு இல்லை என்பதால் வறட்சி மக்காச்சோளம் முற்றிலும் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. வேர் உறிஞ்சும் நைட்ரேட், வளரும் செடியில் புரதமாக மாறும். வளர்ச்சி நின்றுபோனால் மாற்றம் நிற்கும், உறிஞ்சுவதோ தொடரும். யூரியா தாராளமாக இட்ட வயலில் மழை பொய்த்தால் தண்டின் அடிப்பகுதியில் நைட்ரேட் குவிகிறது. மாட்டின் இரைப்பையில் அது நைட்ரைட்டாகி இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜன் ஏந்தும் திறனைக் கெடுக்கிறது. மூச்சு வாங்குதல், தள்ளாட்டம், நீலம் பாய்ந்த வாய்ச்சவ்வு, சாக்லேட் நிறமாக மாறிய இரத்தம் ஆகியவை அறிகுறிகள். சினை மாடு கன்று வீசும். கால்நடை மருத்துவர் மெத்திலீன் புளூவைச் சிரை வழி செலுத்திக் காப்பாற்ற முடியும், ஆனால் அதற்கான அவகாசம் மிகக் குறைவு.

மிகவும் ஏமாற்றும் நேரம், நீண்ட வறட்சிக்குப் பின் மழை பெய்த முதல் சில நாட்கள். பயிர் பச்சை காட்டும்; அறுக்கக் கை நீளும். அப்போதுதான் வேர் மண்ணில் தேங்கிய நைட்ரேட்டை ஒரே மூச்சில் இழுத்திருக்கும். ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். அறுக்கும்போது அடித்தண்டை 20 முதல் 30 செ.மீ. வரை வயலிலேயே விட்டுவிடுவது மிக எளிய பாதுகாப்பு; கிடைக்கும் எடை கொஞ்சம் குறைந்தாலும் தயங்க வேண்டியதில்லை. பசியோடு நிற்கும் மாட்டுக்கு முதலில் வைக்கோல் போட்டு, பிறகு இதைச் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். அந்த நாட்களில் யூரியா கலந்த தீவனம் கூடவே கூடாது. புளிக்கவைத்தால் நைட்ரேட்டில் 30 முதல் 60 விழுக்காடு சிதைந்துவிடும். ஆகவே ஐயத்துக்குரிய பயிரைப் பசுமையாகப் போடாமல் சைலேஜாக மாற்றுவதே நல்லது. ஆய்வகத்தில், உலர்பொருளில் நைட்ரேட்-நைட்ரஜன் 0.1 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை, 0.4 விழுக்காட்டைத் தாண்டினால் கொடுக்கவே கூடாது என்று கொள்கிறார்கள். மேலுரமாக இடும் தழைச்சத்தை மண்ணில் ஈரம் இருக்கும்போது மட்டும் இடுவது, இந்த ஆபத்தை வேரிலேயே தவிர்க்கும் வழி.

நீர்த்தேக்கமும் காற்றும்

மக்காச்சோளத்துக்கு வெள்ளம் வறட்சியைவிட விரைவாகத் தீங்கு செய்யும். ஆறு இலைப் பருவம் வரை வளர்நுனி மண்ணுக்குள் இருப்பதால், வெப்பமான நாளில் தேங்கிய நீர் இரண்டு நாளிலேயே இளம்பயிரைக் கொன்றுவிடக்கூடும். தப்பிய பயிரும் தழைச்சத்து கரைந்து போய் வெளுத்து நிற்கும். நீர் வடிந்ததும் கொஞ்சம் மேலுரம் இட்டால் தேறும். பார் பிடித்து விதைப்பதும், வடிகால் வாய்க்காலை மழைக்கு முன்பே வெட்டிவைப்பதும் போதிய காப்பு. அதே மண்ணுக்குள் இருக்கும் வளர்நுனி, ஆலங்கட்டி மழையில் இளம்பயிரைக் காப்பாற்றும். இலைகள் கிழிந்துபோனாலும் ஒரு வாரம் பார்த்துவிட்டே உழுது மறிக்க வேண்டும். புயலில் சாய்ந்த நெட்டைப் பயிரை உடனே அறுத்துவிடுவது நல்லது. தாமதித்தால் தட்டையில் சேறு ஒட்டும்; சேற்றோடு போன தீவனம் புளிக்காமல் அழுகும்.

குளிர் நாடுகளில்

மண் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரியை எட்டாத இடத்தில் விதை முளைக்கத் தயங்கும்; உறைபனி இலையைக் கருக்கிவிடும். வட ஐரோப்பாவில் இந்தப் பயிர் வேரூன்றியதே இனப்பெருக்க ஆய்வின் சாதனை. பிரான்சின் வேளாண் ஆய்வு நிறுவனம் 1958இல் வெளியிட்ட இன்ரா 258 என்னும் கலப்பினம், குளிர் தாங்கும் லாக்கோன் உள்ளூர் மக்காச்சோளத்தை விளைச்சல் மிகுந்த அமெரிக்க வகையோடு சேர்த்தது. அதன் பிறகே பிரான்சின் வடக்கில் பயிர் பரவியது. அயர்லாந்தில் விதைக்கும்போதே வரிசைமீது மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து மண்ணைச் சூடாக்குகிறார்கள்.

புழுவும் பூஞ்சையும்

2018இல் கர்நாடகத்தில் முதலில் உறுதிசெய்யப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அதே ஆண்டில் தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்தது. குருத்துக்குள் இருந்து தின்னும் இந்தப் புழுவுக்கு மழையற்ற, வெப்பமான இடைவெளிகள் சாதகம். தானியப் பயிரில் தெளிக்கும் மருந்தை அப்படியே தீவனப் பயிரில் தெளிப்பது சரியன்று. இலையே உணவு, அது பாலுக்கும் போய்ச் சேரும். மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே குறிக்கப்பட்ட நாள் கழிய வேண்டும். புழு மிஞ்சிவிட்டால் தெளிக்காமல் முன்கூட்டியே அறுத்துவிடும் வழியும் தீவன விவசாயிக்கு உண்டு. வறட்சியும் வெப்பமும் கண்ட கதிர்களில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை அஃப்ளடாக்சினை உண்டாக்கும். அதை உண்ட மாட்டின் பாலில் எம்1 என்னும் வடிவில் அது வெளிப்படும். இந்தியாவில் பாலுக்கான உச்சவரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்.

ஊறுகாய்த் தீவனமாக்குதல்

பசும் மக்காச்சோளத்தைக் குழியில் சேமிக்கும் முறையைப் பிரான்சின் ஒகுஸ்த் கொஃபார் 1877இல் நூலாக எழுதிப் பரப்பினார். துண்டாக்கி, காற்றை மிதித்து வெளியேற்றி, மூடிவைத்தால் தட்டையின் சர்க்கரை லாக்டிக் அமிலமாகும். அமில-காரக் குறியீடு (pH) 4க்கு அருகே இறங்கியதும் தீவனம் கெடாது. மூன்று, நான்கு வாரத்தில் திறக்கலாம். இன்று பெரிய குழி தேவையில்லை. 50 கிலோ பையிலும் பிளாஸ்டிக் பீப்பாயிலும்கூடச் சிறு பண்ணைகள் செய்கின்றன.

சைலேஜுக்கு ஏற்ற ஈரம் 65 முதல் 70 விழுக்காடு. வறட்சிப் பயிர் இந்த இடத்தில் கண்ணை ஏமாற்றுகிறது. இலை காய்ந்து வைக்கோல் நிறமாக நின்றாலும், மணி பிடிக்காத தண்டுக்குள் 75 விழுக்காட்டுக்கும் மேல் நீர் இருக்கும். அப்படியே குழியில் இட்டால் சாறு வழிந்து சத்தைக் கொண்டுபோகும். நாற்றமடிக்கும் தவறான நொதிப்பு நடக்கும். நறுக்கிய தீவனத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்க்க வேண்டும். விரலிடுக்கில் சாறு ஒழுகினால் ஈரம் மிகுதி. வயலில் ஓரிரு நாள் வாடவிடலாம், அல்லது வைக்கோல் கலக்கலாம். கையைத் திறந்ததும் உருண்டை மெல்ல விரிந்தால் பதம் சரி. உடனே உதிர்ந்தால் மிகக் காய்ந்துவிட்டது; நீர் தெளித்து, இன்னும் பொடியாக நறுக்கி அழுத்த வேண்டும்.

நைட்ரேட் மிகுந்த பயிரை மூடியபின் முதல் மூன்று வாரங்களில் நைட்ரஜன் டை-ஆக்சைடு வெளிவரலாம். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், காரமான நெடி. காற்றைவிடக் கனமானதால் குழியின் அடியில் தங்கும். நுரையீரலை அரித்து ஆளையே கொல்லும் வாயு இது. அந்த நாட்களில் ஆழமான குழிக்குள் தனியாக இறங்கக் கூடாது. குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் அருகில் விடக் கூடாது.