ஆயா கேட்டது சென்னைக்கு எப்படி வந்தது?

இன்னைக்கு எபிசோட் வாய்ஸ் அசிஸ்டன்ட்டோட வரலாறு. ஆனா கதை ஆரம்பிக்கிறது கொல்லிமலையில, குண்டூர் நாட்டுல.

எங்க ஆயா வீடு அங்கதான். போன வருஷம் என் பழைய போனை அவங்களுக்குக் கொடுத்தேன். ஆயாவுக்கு இமெயில் கிடையாது, அதனால என் அக்கவுண்ட்டையே அதுல விட்டுட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவங்க, மைக்கை அமுக்கிப் பேசக் கத்துக்கிட்டாங்க. மழை வருமா, மிளகு என்ன விலைன்னு கேட்பாங்க.

ஒரு நாள் சென்னையில எதையோ தேட என் போன்ல ஹிஸ்டரியைத் திறந்தேன். நான் கேட்காத கேள்வி ஒண்ணு இருந்துச்சு. "படுத்தா மூச்சு முட்டுது, எதனால?" நேரம், ராத்திரி 2 மணி. அதே கேள்வி மூணு ராத்திரி.

மலையில ஆயா பேசினது என் கைக்கு எப்படி வந்துச்சு? அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

2011 அக்டோபர்ல ஐபோன் 4எஸ் கூட சிரி வந்துச்சு. போன்தான் பதில் சொல்லுதுன்னு நினைச்சோம். உண்மையில நம்ம குரல் ஆப்பிளோட சர்வருக்குப் போச்சு, பதில் அங்கேருந்து வந்துச்சு. 2014 நவம்பர்ல அமேசான் எக்கோ. "அலெக்ஸா"ங்கிற சொல்லை மட்டும் ஸ்பீக்கரே கண்டுபிடிக்கும். அதுக்குப் பிறகு நாம பேசுறது கிளவுடுக்குப் போகும். அங்க அது ஸ்பீக்கர் பேர்ல சேர்றதில்ல, அக்கவுண்ட் பேர்ல சேருது. அதனாலதான் சமையக்கட்டுல ஸ்பீக்கர்கிட்ட சொன்ன மளிகை லிஸ்ட், கடையில நிக்கும்போது போன்ல தெரியுது. வசதி அங்கதான், சிக்கலும் அங்கதான்.

அப்புறம் ஒரே வீட்டுல ரெண்டு மூணு எக்கோ வந்துச்சு. ஒரு தடவை கூப்பிட்டா எல்லாம் சேர்ந்து முழிச்சுக்கும். 2016-ல அமேசான் அதைச் சரி பண்ணுச்சு: எதுக்குக் குரல் தெளிவா கேட்டுதோ, அது மட்டும் பதில் சொல்லும். கருவிகள் பல, ஆள் ஒருத்தர்னு வெச்சுக்கிட்டு கட்டின அமைப்பு இது. ஒரு வீட்டுல பல பேர் இருப்பாங்கங்கிறது கொஞ்சம் லேட்டாத்தான் உறைச்சுச்சு. 2017-லதான் கூகுள் ஹோமும் அலெக்ஸாவும் குரலை வெச்சு ஆளைப் பிரிக்க ஆரம்பிச்சுது.

2019-ல இன்னொரு விஷயம் வெளிய வந்துச்சு. இந்தப் பதிவுகள்ல சிலதை மனுஷங்களும் உட்கார்ந்து கேட்கிறாங்க. ஏப்ரல்ல அலெக்ஸா பத்தி புளூம்பெர்க் எழுதுச்சு. ஜூலையில கூகுள் பத்தி பெல்ஜியத்தோட விஆர்டியும், சிரி பத்தி கார்டியனும் எழுதினாங்க. ஆகஸ்ட்ல ஆப்பிள் மன்னிப்புக் கேட்டுச்சு. 2023-ல, பெத்தவங்க அழிக்கச் சொல்லியும் குழந்தைகளோட அலெக்ஸா தகவல்களை முழுசா அழிக்கலைங்கிற வழக்குல அமேசான் 2.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிச்சு.

அதே 2023-ல இந்தியாவுலயும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறுச்சு. நம்ம சம்மதம் வேணும், அழிக்கச் சொல்ல உரிமை உண்டுன்னு சொல்லுது. ஆனா ஒருத்தர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்குக் கையாளுற தகவலுக்கு அது பொருந்தாது. அதாவது கம்பெனிகளுக்குக் கடிவாளம் இருக்கு. ஆயாவோட கேள்வியைப் படிச்ச பேரனுக்கு இல்ல.

அந்த வாரமே மலைக்குப் போனேன். 70 கொண்டை ஊசி வளைவுலயும் இதே யோசனைதான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். பிரஷர் மாத்திரையை மாத்திக் கொடுத்தாங்க, இப்போ பரவாயில்ல. ஆனா திரும்பி வந்து திண்ணையில உட்கார்ந்ததும் ஆயா கேட்டாங்க.

"உனக்கு யாரு கண்ணு சொன்னது?"

போன் சொல்லுச்சுன்னேன். கொஞ்ச நேரம் பேசல.

"நல்லதுதான் சாமி. ஆனா நான் அதுகிட்டதானே கேட்டேன். உனக்குத் தெரிஞ்சா பயந்துக்குவேன்னுதானே உன்கிட்ட கேக்கல."

ஊர்ல ஒரு பேச்சு பேசினா நாடு முழுக்கத் தெரிஞ்சுடும். அது ஆயாவுக்குப் புதுசில்ல. ஆனா பேசும்போது திண்ணையில யார் யார் உட்கார்ந்திருக்காங்கன்னு அவங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும். போன்கிட்ட பேசும்போது நான் பக்கத்துல இருந்தது தெரியல.

அன்னைக்கே ஆயா பேர்ல தனி அக்கவுண்ட் போட்டேன். ஹிஸ்டரி 3 மாசத்துல தானா அழியற மாதிரி வெச்சேன். முடிச்சதும், "இனிமே மூச்சு முட்டினா எனக்குச் சொல்லுவீங்களா?"ன்னு கேட்டேன். "சொல்றேன்"னாங்க.

நீங்களும் வீட்டுப் பெரியவங்க போன்ல உங்க அக்கவுண்ட்டை விட்டு வெச்சிருக்கீங்களா? இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை பாருங்க. அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.