சாந்தும் பல்லும்

வேங்கடமலையைத் தமிழகத்தின் வடவெல்லையாக நம் முன்னோர் கொண்டனர். பணியின் பொருட்டு அவ்வெல்லைக்கு அப்பால் வாழும் நாம், ஊர் திரும்பும் வழியில் திருப்பதியில் இறங்கினால், சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்திரகிரிக்கும் சென்று வருதல் நன்று.

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர் அங்கே தலைநகர் அமைத்தார். அங்குள்ள மூன்றடுக்கு ராஜமகால் கல்லும் செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு மரமின்றிக் கட்டப்பெற்றது. சுண்ணாம்பை மட்டும் குழைத்துப் பூசினால் உலரும்போது சுருங்கி வெடிக்கும். மணல் சேர்ந்தால் சுருக்கம் குறையும். மணல் அளவு மீறினால் பிடிப்புக் கெடும். கொத்தர் கையறிந்த இவ்வுண்மையைப் பல் மருத்துவம் 20ஆம் நூற்றாண்டில்தான் கற்றது.

சொத்தைப் பல்லை அதன் நிறத்திலேயே அடைக்க விரும்பிய மருத்துவர்கள் 1940களில் அக்ரிலிக் பிசினைக் கையாண்டனர். அது இறுகும்போது மிகவும் சுருங்கிற்று. பல்லுக்கும் அடைப்புக்கும் இடையே விழுந்த இடுக்கில் எச்சிலும் கிருமியும் புகுந்தன. அடைத்த பல்லே மீண்டும் சொத்தையாயிற்று. மெல்லும் வேலைக்கு அடைப்பு ஈடுகொடாமல் தேய்ந்தும் போயிற்று.

அமெரிக்கத் தேசியத் தர நிலையத்தில் ஆராய்ந்த ரஃபேல் போவன் இதற்கு வழி கண்டார். 1962இல் அவர் காப்புரிமை பெற்ற பொருளில், குறைவாகச் சுருங்கும் பிஸ்-ஜிஎம்ஏ என்னும் பிசினோடு சிலிக்காத் தூள் மிகுதியாகச் சேர்ந்தது. தூள் மணலைப் போன்று சுமையைத் தாங்கிற்று, உறுதியும் கூடிற்று. ஆயினும் பிசின் தூளை எளிதில் பற்றாது. ஆகவே தூளின் மேல் சிலேன் என்னும் பொருள் பூசப்பட்டது. அதன் ஒருமுனை தூளையும் மறுமுனை பிசினையும் பற்றியது.

அளவறிதலே இங்கும் கலை. தடித்த பிசினை இளக்க நீர்த்த பிசின் கூட்டினால், தூளை மிகுதியாக நிறைக்கலாம். ஆனால் நீர்த்த பிசின் மிகுந்தால் சுருக்கம் கூடும். பெருந்துகள் உதிர்ந்தால் மேற்பரப்புச் சொரசொரக்கும். நுண்துகள் மட்டுமெனில் பளபளப்பு நிலைக்கும்; நிறைக்கக்கூடிய அளவோ குறையும், வலிமையும் குறையும். ஆதலின் பிற்காலத்தவர் இருவகைத் துகளையும் சேர்த்தனர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இப்பொருளைக் 'கலவை' என்று எழுதிவிடுவதுண்டு. அச்சொல் போதாது. கலந்தவை பிரியவும் கூடும். பல்லைக் காப்பது கலப்பன்று, பிணைப்பே. 'கூட்டுப்பொருள்' என்பதே தகும். சந்திரகிரிச் சுவரும் அதற்குச் சான்று கூறும்.